தலை ஒப்புதல் தரும்வரை

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். அந்த ஓரத்தில் கால் நீட்டியிருக்கிற பிள்ளை, நீயும்தான். கதவுப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு கேட்டால் பாதிக் கதை தெருவுக்குப் போய்விடும். இன்றைக்கு ஒரு தலையின் கதை சொல்லப்போகிறேன். அதில் ஒரு தலைவரும் வருவார். தலை வேறு, தலைவர் வேறு; இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடுவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மனசுக்குள் வைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும்.

சாவி வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் உள்ளே நின்றால் அடுத்த ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. தெருவுக்கே அவர் சாவிக்காரர். அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. ஒரே மகள், எட்டு வயசு. வீட்டில் அவளைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்விக்குறி பார்ப்பதற்குக் கொக்கி மாதிரி இருக்கும் அல்லவா, அதனால் வந்த பெயர்.

பள்ளிக்கூடம் விட்டதும் கொக்கி நேரே கடைக்கு வந்து, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்துகொள்வாள். அப்பா அரத்தை எடுத்துச் சாவிக்குப் பல் ராவ ஆரம்பித்ததும் அவளும் ஆரம்பிப்பாள்.

"அப்பா, பூட்டுக்குத் தன்னோட சாவி எதுன்னு எப்படித் தெரியும்?"

"பல்லைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கும்."

"அப்ப பூட்டுக்குக் கண்ணு கிடையாதா?"

"கிடையாது."

"கண்ணு இல்லாமலேயா வீட்டைக் காவல் காக்குது?"

சாவிக்காரர் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்வார். மீதிக்கு, "நாளைக்குச் சொல்றேன்டா" என்பார். சொன்னபடி மறுநாள் யோசித்துக்கொண்டும் வருவார். அவ்வளவு நல்ல மனுஷன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு முட்டுக்கட்டை வந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரிதான், அதுல சந்தேகமில்ல. ஆனா ஒரே பாடவேளையில பதினேழு கேள்வி கேட்டிருக்கா. டீச்சர் எண்ணி வச்சிருக்காங்க. பாடப்புத்தகத்தைப் பாருங்க, கேள்வியெல்லாம் பாடத்தோட கடைசியிலதான் இருக்கும். இவ முதல் பக்கத்துலயே ஆரம்பிச்சுடறா. இதுக்குப் பேரு கவனச்சிதறல்."

"கேட்கறதே கவனிக்கறதாலதானேம்மா?" என்றார் சாவிக்காரர்.

"பார்த்தீங்களா, இது எங்கேருந்து வருதுன்னு இப்பப் புரியுது" என்று சொல்லி, தலைமையாசிரியை ஒரு காகிதத்தை நீட்டினார். கவனக்கூர்மை மையம் ஒன்றில் இருபது அமர்வு முடித்துச் சான்றிதழ் வாங்கிவந்தால்தான் அடுத்த வகுப்பில் இடம் என்று அதில் இருந்தது.

மையம் மிகவும் சுத்தமாக இருந்தது. பேசினால் தப்போ என்று பயம் வரும், அப்படி ஒரு சுத்தம். கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்தபடி வந்தார்.

"வணக்கம் டாக்டர்" என்றார் சாவிக்காரர்.

கோட்டுக்காரர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "ஐயய்யோ, அந்த வார்த்தையே வேணாம். என் கோட்டைப் பாருங்க, இது வெள்ளையா?"

"வெள்ளை மாதிரிதான்…"

"யானைத் தந்த நிறம் சார். வெள்ளைக் கோட்டுன்னா சிகிச்சை. சிகிச்சைன்னா உரிமம், ஆய்வு, ஆயிரம் தொல்லை. தந்த நிறம்னா பயிற்சி. பயிற்சிக்கு நல்ல மனசு இருந்தாப் போதும்."

ஒன்பது பக்கத்துக்கு ஒரு படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: "இப்படிவத்தில் எங்கெல்லாம் 'நோயாளி' என்று வருகிறதோ, அங்கெல்லாம் 'பயிலுநர்' என்று படித்துக்கொள்ளவும்." சாவிக்காரர் அப்படியே படித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

என்ன பயிற்சி என்கிறீர்களா? தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள். தொப்பியிலிருந்து ஒயர் ஒயராக ஒரு பெட்டிக்குப் போகும். எதிரே திரையில் ஒரு கப்பல். மூளை அலையாமல் அமைதியாக இருந்தால் கப்பல் ஓடும். மனசு அங்கே இங்கே போனால் நின்றுவிடும். அவ்வளவுதான்.

முதல் நாள் கப்பலைப் பார்த்ததும் கொக்கிக்கு ஒரே கொண்டாட்டம். "கப்பல்ல யாரு இருக்காங்க?" என்றாள். கப்பல் நின்றது. "ஏன் நின்னுச்சு?" என்றாள். நின்றது நின்றபடியே இருந்தது. "தண்ணிக்கு அடியில என்ன?" என்று நினைத்தாள், நினைக்க மட்டும்தான் செய்தாள். அதற்கும் அது அசையவில்லை.

பத்து வாரம். வாரத்துக்கு இரண்டு அமர்வு. பிள்ளை கெட்டிக்காரி என்று தலைமையாசிரியையே சொன்னாரே, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வாள். கற்றுக்கொண்டாள்.

பதினெட்டாம் அமர்வு முடிந்த நேரம், ஒரு சாயங்காலம் கொக்கி கடைக்கு வந்து வாளிமேல் உட்கார்ந்தாள். கை மடியில், கண் நேராக. சாவிக்காரர் ஒரு சாவிக்கு ஐந்து பல் வெட்டினார். சத்தமில்லை. வேண்டுமென்றே சாவியைத் தலைகீழாகப் பூட்டில் விட்டு, திருகித் திருகிப் பார்த்தார். பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, அப்பா என்ன பண்றேன்னு கேட்கலையா?"

"கேட்டா கப்பல் நின்னுடும்பா."

"இங்க ஏதும்மா கப்பல்?"

கொக்கி கொஞ்சம் யோசித்தாள். "எல்லா இடத்துலயும் இருக்குப்பா. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளிவிட்டாள். "வாய் ஓயலையேன்னு அவளைத் திட்டினவ நான்தான். என் வாயில மண்ணு. நேத்து அவ சட்டையில ஒரு கையை உள்பக்கமா விட்டு மடிச்சு வச்சேன். காலையில அப்படியே ஒத்தக் கையோட மாட்டிக்கிட்டு நின்னாளே தவிர, ஏம்மான்னு ஒரு வார்த்தை கேட்கலங்க. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறீங்க. நம்ம பிள்ளை வாயைப் பூட்டி அனுப்பியிருக்காங்க, பார்த்துக்கிட்டு நிக்கறீங்க!"

சாவிக்காரர் மையத்துக்கு ஓடினார். கோட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான முன்னேற்றம் சார்! இதுவரைக்கும் கத்துக்கிட்டது மறந்துபோகவும் வாய்ப்பிருக்கு. அதுக்குத்தான் கடைசி அமர்வு. வர்ற வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தொப்பி வழியா லேசா மின்தூண்டல் குடுத்து, படிஞ்சதை அப்படியே பதிய வச்சுடுவோம். அப்புறம் மாறவே மாறாது."

"அது வேணாங்க. போதும்."

"வேணாம்னா சான்றிதழ் இல்ல. சான்றிதழ் இல்லைன்னா பள்ளிக்கூடம் இல்ல. இல்லைன்னா வாரியத்துலேருந்து தடை உத்தரவு வாங்கிட்டு வாங்க, பள்ளிக்கூடத்துல அதை ஏத்துக்குவாங்க. அப்படி இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கினதில்லைங்கறது வேற விஷயம்" என்று சிரித்தார் கோட்டுக்காரர்.

வாரியத்தின் முழுப் பெயர் நீளம். மூளைத் தூண்டல், மூளைப் பின்னூட்டம் ஆகியவற்றுக்கான தொழில்நெறி ஒழுங்குமுறை வாரியம். ஒரு சுவரில் அடங்காமல் மூலை திரும்பி அடுத்த சுவருக்கும் போயிருந்தது. கிழக்குத் தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு அது மூளைத் தூண்டலுக்கான ஏதோ ஒன்று, வடக்குத் தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு ஏதோ ஒன்றின் ஒழுங்குமுறை வாரியம். முழுசாகப் படிக்க வேண்டுமென்றால் நடுத்தெருவில், வண்டி வருகிற இடத்தில் நிற்க வேண்டும்.

உள்ளே முன்மேசையில் ஒருவர் இருந்தார். பக்கத்தில் வயசான தட்டச்சு அம்மா ஒருவர், மழைத் துளி காயாத தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"நடந்தது சிகிச்சையா, பயிற்சியா?" என்று கேட்டார் முன்மேசைக்காரர்.

"எதுன்னா என்னங்க?"

"சிகிச்சைன்னா மருத்துவர்தான் செய்யணும். அங்க மருத்துவர் கிடையாது. அதனால அங்க சிகிச்சை நடக்கவே இல்ல. நடக்காததுக்கு எப்படிப் புகார் குடுப்பீங்க?"

"அப்ப பயிற்சின்னு போடுங்க."

"பயிற்சி எங்க வரம்புல வராது. நீச்சல், ஓட்டம் மாதிரி. விளையாட்டுத் துறைக்குப் போங்க."

"மூணாவதா ஒரு வார்த்தை இல்லைங்களா?"

முன்மேசைக்காரர் முகம் மலர்ந்தது. "இருக்கு! பதினோரு கூட்டம் போட்டுக் கண்டுபிடிச்சது. 'தலையீடு'. தலையில எதை மாட்டினாலும் அது தலையீடு. தலையீட்டுப் புகாரெல்லாம் நேரா தலையிடாமைக் குழுவுக்குப் போயிடும்."

"அவங்க என்ன செய்வாங்க?"

"பேர்லயே இருக்கே சார்." படிவத்தை எடுத்தார். "பாதிப்பு யாருக்கு?"

"என் பொண்ணுக்கு."

"அவ புகார் சொன்னாளா?"

"அவ எதுவுமே சொல்றதில்ல. அதுதாங்க புகாரே."

"இங்கதான் நெறிமுறைச் சிக்கல் வருது. அவ மூளையில பாதிப்பு இருந்தா, அந்த மூளை சொல்றதை நாங்க நம்பக்கூடாது. பாதிப்பு இல்லைன்னா புகாரே இல்ல. உங்க மூளை சொல்லலாம், ஆனா உங்க தலையில யாரும் தொப்பி மாட்டலையே?"

"என் தலையில மாட்டாத தொப்பியா!" என்று முணுமுணுத்தார் சாவிக்காரர்.

"எதுவா இருந்தாலும் விசாரணை மண்டபத்துலதான் சார் முடிவாகணும். அந்த மண்டபச் சாவி தொலைஞ்சு மூணு வருஷமாச்சு."

"மூணு வருஷமா விசாரணையே நடக்கலையா?"

"நிலுவையில ஒரு புகாரும் இல்ல! அதுக்காக விருதுகூடக் குடுத்தாங்க. அதோ மாட்டியிருக்கு."

"பூட்டை உடைச்சிருக்கலாமே?"

"உடைக்கலாமா வேணாமான்னு விசாரிச்சுத்தானே முடிவெடுக்கணும்? விசாரணைன்னா மண்டபத்துலதான் நடத்தணும்."

சாவிக்காரர் சட்டைப் பையிலிருந்து இரண்டு கம்பியை எடுத்தார். மண்டபக் கதவுக்கு முன்னால் மண்டிபோட்டார். முன்மேசைக்காரர், "சார், சார், இதுக்குப் படிவம்…" என்று எழுந்து வருவதற்குள் கதவு திறந்துகொண்டது.

தூசி பறந்தது. உள்ளே நீள மேசை, மூன்று உயர்ந்த நாற்காலி, மேடையில் ஒரு பிளாஸ்டிக் தலை. கடையில் தொப்பி மாட்டி வைப்பார்களே, அந்த மாதிரி. வாரியம் தொடங்கிய நாளில் காட்சிக்கு வைத்ததாம். சுவரில் சட்டம் போட்ட ஒரு பலகை: "ஒருவர் பேசாமல் இருப்பதை ஒப்புதலாகக் கொள்ளலாகாது." கண்ணுகளா, அந்த வாரியம் எழுதிய விதிகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அதைத்தான் மூன்று வருஷமாகப் பூட்டி வைத்திருந்தார்கள்.

தட்டச்சு அம்மா வேகவேகமாக உள்ளே போய், மூலையில் சாய்த்திருந்த ஒரு குடையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "என் குடை தம்பி. மூணு மழைக்காலம் நனைஞ்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

கதவு திறந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை என்று குறித்தார்கள். கடைசி அமர்வுக்கு முதல் நாள்.

வியாழக்கிழமை சாவிக்காரரும் மனைவியும் கொக்கியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். கோட்டுக்காரர் பெட்டி, தொப்பி, திரை எல்லாம் கொண்டுவந்திருந்தார். உயர்ந்த நாற்காலியில் வாரியத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் அறநெறி உறுப்பினர். மூன்றாவது நாற்காலிக்கு ஆளை நியமிக்கும் கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பெரியோர்களே, தொழில்நெறி என்பது என்ன? பிறருக்குத் தீங்கு செய்யாமை. இந்த வாரியம் தொடங்கிய நாள் முதல் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. எதையுமே செய்ததில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது, நடுநிலைமை. எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மையத்தைத் திறந்துவைத்தவனே நான்தான். என் படம் அவர்கள் வரவேற்பறையில் இருக்கிறது. ஆகவே அது எத்தனை நல்ல இடம் என்பது எனக்கு நேரிலேயே தெரியும். இப்படி விவரம் தெரிந்த நீதிபதி வேறு எங்கே கிடைப்பார்?"

அறநெறி உறுப்பினரும் எழுந்தார். "நானும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த மையத்தின் ஆலோசகர். ஆனால் விசாரணை நடக்கிற நேரத்தில் மட்டும் ஆலோசனை சொல்லக்கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மணியிலிருந்து நான் வாய் திறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்."

தட்டச்சு அம்மா குறித்துக்கொண்டார்.

"புகார்காரர் பேசலாம்" என்றார் தலைவர்.

சாவிக்காரர் எழுந்தார். கைதான் அவருக்குப் பேசும், வாய் அவ்வளவாக வராது. "ஐயா, எம்பொண்ணு முன்னெல்லாம் கேள்வி கேட்பா. இப்பக் கேட்கறதில்ல. நாளைக்கு மின்சாரம் வச்சு அதைப் பதிய வச்சுடுவாங்களாம். அதை நிறுத்தணும். அவ்வளவுதாங்க."

"கேள்வி குறைய வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடமே அனுப்பியது?"

"ஆமாங்க."

"குறைந்துவிட்டதா?"

"குறைஞ்சு போச்சுங்க."

"ஆக, பயிற்சி பலித்துவிட்டது என்பதுதான் உங்கள் புகார்!" தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "இருந்தாலும் இயந்திரம் பாதுகாப்பானதா என்பதை நேரில் பார்த்துவிடுவோம். இயக்கிக் காட்டுங்கள்."

கோட்டுக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு கொக்கியிடம் வந்தார். சாவிக்காரரின் மனைவி குறுக்கே கையை வைத்தாள். "பிள்ளை தலையில கை வச்சீங்கன்னா நடக்கறதே வேற."

"குழந்தை இந்த வழக்கில் சான்றுப்பொருள். சான்றுப்பொருளைத் தொடுவதற்குத் தனிப் படிவம் வேண்டும்" என்றார் அறநெறி உறுப்பினர், வாய் திறக்காதவர்.

"சரி, சரி. அதோ நம் வாரியத்தின் தலை இருக்கிறதே, அதற்கு மாட்டுங்கள்" என்றார் தலைவர். "தொப்பி எப்படி உட்காருகிறது என்று பார்த்தால் போதும்."

பிளாஸ்டிக் தலைக்குத் தொப்பி மாட்டினார்கள். கோட்டுக்காரர் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

கப்பல் புறப்பட்டது. சும்மா புறப்படவில்லை கண்ணுகளா, கிழித்துக்கொண்டு போனது. ஒரு தடவை நிற்கவில்லை, ஒரு இடத்தில் தயங்கவில்லை. திரையின் மூலையில் எண் ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூற்றெட்டில் நின்றது.

"அபாரம்!" என்றார் கோட்டுக்காரர், பழக்க தோஷத்தில். "சஞ்சலமே இல்லாத கவனம். நான் பார்த்ததுலயே இதுதான் அதிகம்."

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ன இருந்தாலும் வாரியத்தின் தலையல்லவா!"

அப்போதுதான் அறநெறி உறுப்பினர் மேசையைத் தட்டினார். "ஆட்சேபம்! இந்தத் தலையிடம் ஒப்புதல் வாங்கினீர்களா?"

மண்டபம் திடுக்கிட்டது. இத்தனை நேரத்தில் முதல்முறையாக எல்லோர் முகத்திலும் கவலை தெரிந்தது.

"அது பிளாஸ்டிக் சார்" என்றார் கோட்டுக்காரர்.

"எதனால் ஆனது என்று விதியில் கேட்கவில்லை. தலையா இல்லையா என்றுதான் கேட்டிருக்கிறது."

"தலைதான்."

"வயது வந்ததா, வராததா?"

"வாங்கி ஆறு வருஷமாகிறது" என்றார் முன்மேசைக்காரர்.

"அப்படியானால் மைனர்! பெற்றோர் கையெழுத்து எங்கே?"

"கொள்முதல் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்…"

முக்கால் மணி நேரம் இது நடந்தது. கொக்கியைப் பற்றி நான்கு நிமிஷம் பேசியவர்கள், அந்தத் தலையின் உரிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். யார் வந்து பார்த்திருந்தாலும் இவ்வளவு இரக்கமுள்ள வாரியமா என்று கண் கலங்கியிருப்பார்கள். யாரும் பெட்டியை நிறுத்தாததால் கப்பல் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

கொக்கி கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைப் பார்த்தாள். திரும்பக் கப்பலைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நாளும் எழுபதைத் தாண்டினதில்லை. மெதுவாக அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"அதுக்குள்ள யாருமே இல்லையே. அப்புறம் யாருப்பா கப்பலை ஓட்டறா?"

சின்னக் குரல்தான். ஆனாலும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. சாவிக்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேளுடி என் தங்கம், இன்னும் நல்லா சத்தமாக் கேளு" என்றாள்.

பத்து வாரமாக அடைத்து வைத்திருந்தது அல்லவா. பிள்ளை எழுந்து நின்றுகொண்டாள்.

"உள்ள ஒண்ணும் இல்லைன்னாத்தான் கப்பல் வேகமாப் போகுமா? அப்ப எனக்கு நின்னது நல்லதா, கெட்டதா?" கோட்டுக்காரர் ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். கொக்கி தலைவர் பக்கம் திரும்பினாள். "தாத்தா, நீங்க தொப்பி போட்டுப் பார்த்திருக்கீங்களா? உங்களுக்குக் கப்பல் ஓடுமா, நிக்குமா?"

தலைவர் பதில் சொல்ல நிமிர்ந்தார். ஓடும் என்று சொல்லப் போனவர், பிளாஸ்டிக் தலையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நிற்கும் என்று சொல்லப் போனார், கவனச்சிதறல் என்ற சொல் ஞாபகம் வந்தது. அவர் முகம் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி ஆகிவிட்டது.

"கேள்விகளை எழுத்துமூலம் இரண்டு பிரதிகளில் தர வேண்டும்!" என்றார் கடைசியில். "விசாரணை முடிந்தது. உத்தரவு சொல்கிறேன், அடித்துக்கொள்ளுங்கள் அம்மா. 'ஒப்புதல் பற்றிய ஐயம் எழுந்துள்ளதால், தலைவர் ஒப்புதல் தரும்வரை மேற்படி இயந்திரத்தை எவர் தலையிலும் இயக்கக் கூடாது.'"

சாவிக்காரர் தம்பதிக்கு உயிர் வந்தது. ஆனால் தலைவர் கோட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, அவருக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, முழு மண்டபத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கவலைப்படாதீங்க. நாளைக் காலையில ஒன்பது மணிக்கு நானே ஒப்புதல் போட்டுத் தந்துடறேன். பத்து மணிக்கு வழக்கம்போல நடத்துங்க."

வந்த உயிர் போய்விட்டது. சாவிக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போதுதான் திறந்தது, நாளைக்கு நிரந்தரமாகப் பூட்டப்போகிறார்கள். மண்டபத்தில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

உத்தரவு வந்தது. தலைவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்ப்பது தட்டச்சர்மேல் நம்பிக்கையில்லாததைக் காட்டும், அது தொழில்நெறிக்கு ஒவ்வாது என்பது அவர் கொள்கை. முத்திரை விழுந்தது. சாவிக்காரருக்கு ஒரு பிரதி, கோட்டுக்காரருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கோட்டுக்காரர் வாரியத்தில் வந்து நின்றார். தலைவர் பேனாவைத் திறந்துகொண்டு, "எங்கே, உத்தரவைக் காட்டுங்க" என்றார். படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"தலை ஒப்புதல் தரும்வரை" என்று இருந்தது.

"எழுத்துப்பிழை! 'வர்' விட்டுப்போச்சு. திருத்துங்க!"

அறநெறி உறுப்பினர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "முத்திரை விழுந்த உத்தரவைத் திருத்த வேண்டுமானால், அந்த உத்தரவில் ஒப்புதல் அதிகாரியாகக் குறிக்கப்பட்டவரின் சம்மதம் வேண்டும்."

"அதிகாரி நான்தானே?"

"நேற்று வரைக்கும் நீங்கள். இந்த உத்தரவுப்படி, அது." மேடையைக் காட்டினார்.

மூன்று பேரும் மண்டபத்துக்குள் போனார்கள். தலைக்கு முன்னால் காகிதம் வைத்தார்கள். பேனா வைத்தார்கள். தலைவர் குனிந்து, "ஒப்புதல் உண்டா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பதில் இல்லை.

"மறுக்கவில்லையே! அப்படியானால்…" என்று ஆரம்பித்தவர், அறநெறி உறுப்பினர் விரல் நீட்டிய பக்கம் பார்த்தார். சுவரில் பலகை இருந்தது. ஒருவர் பேசாமல் இருப்பதை ஒப்புதலாகக் கொள்ளலாகாது. கீழே தலைவரின் கையெழுத்து.

பத்து மணி அடித்தது. மையத்தில் கொக்கிக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

அந்தத் தலையின் விருப்பத்தை அறிய ஒரு குழு போட்டார்கள். தலைக்குத் தனி அறை ஒதுக்கினார்கள். வாரத்துக்கு ஒரு தரம் முன்மேசைக்காரர் போய், படிவத்தை முழுசாக வாசித்துக் காட்டிவிட்டு வருகிறார். தலை இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகத்தான் ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறார்களாம். மையத்துப் பெட்டி உறைபோட்டபடி கிடக்கிறது. கோட்டுக்காரர் கோட்டை வேறு நிறத்துக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி.

தலைமையாசிரியை உத்தரவை இரண்டு முறை படித்தார், ஒன்றும் புரியவில்லை. முத்திரை இருந்ததால் கோப்பில் வைத்துவிட்டு இடம் கொடுத்துவிட்டார். கொக்கி இப்போது ஒரு பாடவேளைக்கு இருபத்துமூன்று கேள்வி கேட்கிறாள். எண்ணுகிற வேலையை டீச்சர் விட்டுவிட்டார். ஒன்றிரண்டுக்குப் பதில் சொல்லவும் ஆரம்பித்திருக்கிறாராம்.

ஒரு நாள் மத்தியானம் சாவிக்காரர் மகளோடு வாரியத்துக்குப் போய், தட்டச்சு அம்மாவிடம் கைகூப்பினார். "அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எனக்கு எதுக்கு நன்றி தம்பி? சொன்னதைத்தான் அடிச்சேன். என் மெஷின்ல 'வ', 'ர' ரெண்டும் சரியா விழாது."

கொக்கி உத்தரவின் பிரதியை விரித்துப் பார்த்தாள். "'தரும்வரை'ங்கற இடத்துல ரெண்டும் நல்லா விழுந்திருக்கே, ஏன்?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சில நேரம் விழும் கண்ணு."

"கொண்டாங்கம்மா, நான் பார்த்துச் சரிபண்ணித் தரேன்" என்று சாவிக்காரர் கையை நீட்டினார்.

"வேணாம் தம்பி. அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அம்மா. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையை எடுத்து விரித்து, கொக்கியையும் உள்ளே இழுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். அந்தக் குடைக்கு எத்தனை கம்பி, ஏன் அத்தனை கம்பி என்று போகும் வழியெல்லாம் பேச்சுக் கேட்டது.

கதை அவ்வளவுதான் என் செல்லங்களா. எழுந்து போகிற வழியில் இருட்டு, படிக்கட்டைப் பார்த்துக் கால் வையுங்கள். உங்கள் வீட்டுக் கதவு நல்லவர்களுக்குத் தட்டாமலே திறக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வளரட்டும். அவர்களுக்குப் பதில் சொல்கிற பொறுமையையும், தெரியாதபோது "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறக்காமல் யோசிக்கிற மனசையும் கடவுள் உங்களுக்குக் குறைவில்லாமல் தரட்டும்.